அடுத்தவர் கோட்டின் மேல் மை: டிக் ஜியோர்டானோ, ஒரு நிகழ்வு ஆய்வு

வியாசர்பாடியில் ஒரு மாலைநேரப் படிப்பகத்தின் மாடியில் நாங்கள் ஐந்தாறு பேர் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லித் தருகிறோம். ஞாயிறு காலை காமிக்ஸ் வகுப்பு. பிள்ளைகள் போடும் கதைகளைச் சேர்த்து 16 பக்கத்தில் ஒரு சித்திரக்கதை இதழ் கொண்டுவருகிறோம். ஆண்டர்சன் தெருவில் பேப்பர் வாங்குவது, பக்கம் அமைப்பது, அச்சகத்துக்கு அலைவது எல்லாம் என் வேலை.

இதழுக்கு ஆசிரியர் யார் என்ற பேச்சு வந்தபோது யாரும் அதிகம் யோசிக்கவில்லை. எங்களில் நன்றாகப் படம் போடுபவர் ஓட்டேரி அண்ணன்தான். சினிமா பேனரும் கட்சிக் கட்-அவுட்டும் எழுதிப் பழகிய கை. ஃப்ளெக்ஸ் வந்து அந்தத் தொழிலை முடித்துவைத்த பிறகு சுவர் விளம்பரம், கடைப் பலகை, காசிமேட்டில் படகுகளுக்குப் பெயர் எழுதுவது என்று கிடைத்த வேலையையெல்லாம் செய்தவர். நன்றாக வரைகிறவர் ஆசிரியர், சரிதானே என்று எல்லோரும் ஒத்துக்கொண்டோம்.

இரண்டாவது இதழில் சிக்கல் வந்தது. ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் நான்கு பக்கக் கதை போட்டிருந்தாள். தண்ணீர் லாரி வருகிற நாளில் அவள் ஆயா விடியலிலேயே போய் வரிசையில் குடம் வைக்கிற கதை. கோடு நடுங்கும், வீடுகள் சாய்ந்து நிற்கும், குடங்கள் மனிதர்களைவிடப் பெரிதாக இருக்கும். அண்ணன் ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து நான்கு பக்கத்தையும் திரும்ப வரைந்துவிட்டார். வீடுகள் நேராக நின்றன, குடங்கள் குடம் அளவுக்கு வந்தன. இதழ் அச்சாகி வந்த அன்று அந்தப் பெண் புரட்டிப் பார்த்துவிட்டு, “நல்லா இருக்குண்ணா. ஆனா இது நான் போட்டது இல்லையே” என்றாள். அடுத்த நான்கு ஞாயிறு அவள் வரவில்லை.

அண்ணன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. பேனர் தொழிலில் உதவியாளர்கள் பின்னணி அடிப்பார்கள், முகத்தை மாஸ்டர் எழுதுவார். சரியில்லாததை மாஸ்டர் திருத்துவதுதான் அங்கே பாடம். அவர் கற்ற பாடத்தை அவர் செய்தார். ஆனால் ஓவியர் ஆசிரியராகும்போது அந்தக் கைக்கு என்ன ஆகவேண்டும் என்ற கேள்வி என்னை விடவில்லை. அதற்காகத்தான் டிக் ஜியோர்டானோவின் தொழில் வாழ்க்கையைத் தொடக்கத்திலிருந்து படித்தேன். அமெரிக்கக் காமிக்ஸில் ஓவியராக வந்து ஆசிரியரானவர்கள் பலர் உண்டு. இவரை எடுத்ததற்குக் காரணம், இவர் முதன்மையாக மை போடுகிறவர்.

அந்த வேலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும், ஏனென்றால் என் வாதம் முழுக்க அதன் மேல்தான் நிற்கிறது.

அமெரிக்க மாத இதழ்களில் ஒரு பக்கம் பல கைகள் மாறி வரும். எழுத்தாளர் கதை கொடுப்பார். ஒருவர் பென்சிலில் கட்டம் பிரித்து வரைவார். இன்னொருவர் பலூன்களில் வசனம் எழுதுவார். அப்புறம் அந்தப் பென்சில் கோடுகளின் மேல் நிப்பும் தூரிகையும் வைத்து இந்தியன் இங்க்கில் ஒருவர் மேல்கோடு போடுவார். வண்ணம் அதற்கும் பிறகு. பென்சில் கோடு அந்தக் கால அச்சில் சரியாக விழாது என்பதால் மை தேவைப்பட்டது. அதைக் கேட்டுவிட்டு, இருக்கிற கோட்டின் மேல் இழுப்பதுதானே என்று தோன்றலாம். அப்படி இல்லை. பென்சிலில் ஒரே கன்னத்துக்கு நான்கு மெல்லிய கோடு இருக்கும். அதில் எது கன்னம் என்று மை போடுகிறவர் முடிவு செய்யவேண்டும். முன்னால் நிற்கிற ஆளுக்குத் தடித்த கோடு, பின்னால் இருக்கிற கட்டடத்துக்கு மெல்லிய கோடு, எந்த இடத்தில் முழுக் கறுப்பு, எந்த நிழலை விட்டுவிடலாம், எல்லாம் அவர் கையில். ஒரு முகத்தைக் காப்பாற்றவும் முடியும், கொன்றுவிடவும் முடியும்.

ஆனால் ஒன்றை அவர் செய்யக்கூடாது. அந்தப் பக்கத்தைத் தன் பக்கமாக மாற்றிவிடக்கூடாது. நல்ல மைக்காரர் வேலை செய்த பக்கத்தைப் பார்த்தால் பென்சில் போட்டவர் யார் என்று உடனே தெரியும், அவர் இன்னும் தெளிவாகத் தெரிவார். இத்தனையும் தேதிக்குள் நடக்கவேண்டும். முன்னால் யார் தாமதித்தாலும் அந்தச் சுமை மை மேசையில்தான் வந்து இறங்கும். அதனால் மைக்காரருக்குப் பொறுமையும் வேண்டும், அச்சகத்தின் கடிகாரமும் தெரியவேண்டும்.

ஜியோர்டானோ 1932 ஜூலை 20 அன்று நியூயார்க்கின் மன்ஹாட்டனில் பிறந்தார். ஒற்றைப் பிள்ளை. ஆஸ்துமாவால் படுக்கையில் கிடந்த நாள்களில் காமிக்ஸ்தான் துணை. தொழில் ஓவியம் கற்றுத்தரும் பள்ளியில் படித்துவிட்டு, ஜெர்ரி ஐகரின் ஓவியக்கூடத்தில் சிறிது காலம் வேலை பார்த்தார். 1952 முதல் சார்ல்டன் காமிக்ஸ் என்ற நிறுவனத்துக்குப் பக்கக்கூலிக்கு வரையத் தொடங்கினார். அடுத்த பதினைந்து வருடம் அவர் வாழ்க்கை அதோடு பின்னிக்கிடந்தது.

டெர்பி: எல்லாம் ஒரே கூரையில்

சார்ல்டன் கனெக்டிகட் மாநிலத்தில் டெர்பி என்ற சிற்றூரில் இருந்தது. அதன் பிறப்பே நம் ஊர்க் கதை போல இருக்கும். ஜான் சான்டாஞ்சலோ என்பவர் பாட்டு வரிகளை அனுமதி இல்லாமல் அச்சடித்து விற்றார். நம் பேருந்து நிலையங்களில் விற்ற சினிமா பாட்டுப் புத்தகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். காப்புரிமை வழக்கில் அவர் சிறைக்குப் போனார். அங்கே எட்வர்ட் லெவி என்ற வழக்கறிஞரைச் சந்தித்தார். வெளியே வந்ததும் இருவரும் சேர்ந்து, இந்தமுறை முறைப்படி அனுமதி வாங்கி, பாட்டு இதழ்கள் போட்டார்கள். இருவர் மகன்களுக்கும் சார்லஸ் என்று பெயர், அதனால் நிறுவனம் சார்ல்டன்.

மற்ற காமிக்ஸ் நிறுவனங்கள் நியூயார்க்கில் உட்கார்ந்து வெளியூரில் அச்சடித்தன. சார்ல்டனில் ஆசிரியர் அறை, அச்சு இயந்திரம், கட்டுக் கட்டும் இடம், விநியோகம் எல்லாம் ஒரே வளாகம். அங்கே காமிக்ஸ் வந்ததற்கு முக்கியக் காரணம் காமிக்ஸ் மேல் இருந்த ஆசை அல்ல. பெரிய அச்சு இயந்திரத்தை நிறுத்தி நிறுத்தி ஓட்டினால் நட்டம், அதற்கு ஓயாமல் தீனி வேண்டும், அந்தத் தீனிகளில் ஒன்று காமிக்ஸ். தரமும் அப்படித்தான் இருந்தது. வண்ணம் விலகும், தாள் மட்டம். 1955 ஆகஸ்டில் பெருவெள்ளம் புகுந்து தாளும் மூலப்படங்களும் போயின. அதற்குப் பிறகு ஏற்கெனவே குறைவாக இருந்த பக்கக்கூலியை இன்னும் வெட்டினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை எங்கள் பகுதியில் நாள்கணக்கில் நின்றது. நனைந்த தாள் கட்டைத் தூக்கிப் பார்த்தவர்களுக்கு அந்த வெள்ளக் கதை வேறு மாதிரி கேட்கும்.

இந்த இடத்துக்கு 1965இல் ஜியோர்டானோ தலைமை ஆசிரியரானார். கையில் என்ன இருந்தது? தொழிலிலேயே மட்டமான கூலி, மோசமான அச்சு. என்ன இல்லை? பணம், பேர் பெற்ற பாத்திரங்கள், விளம்பரம், எதுவும் இல்லை. ஆனால் முதலாளிகளுக்கு உள்ளே என்ன வருகிறது என்பதில் அக்கறை இல்லை, இயந்திரம் ஓடினால் போதும். அந்த அலட்சியத்தை ஜியோர்டானோ ஓவியர்களுக்கான சுதந்திரமாக மாற்றினார். கூலி அதிகம் தரமுடியாது, ஆனால் உங்கள் பக்கத்தில் யாரும் கை வைக்கமாட்டார்கள் என்பதுதான் அவர் கொடுத்த சம்பளம்.

அதற்கு யார் வந்தார்கள் என்று பாருங்கள். ஸ்பைடர்மேனை உருவாக்கியவர்களில் ஒருவரான ஸ்டீவ் டிட்கோ 1966இல் மார்வெலை விட்டு விலகியிருந்தார். அவர் சார்ல்டனுக்கு வந்து கேப்டன் ஆட்டம், புதிய ப்ளூ பீட்டில், குவெஸ்சன் என்ற நாயகர்களை வரைந்தார். இதழாளராக இருந்து காமிக்ஸுக்கு வந்திருந்த டென்னி ஓநீல் புனைபெயரில் எழுதினார். கனெக்டிகட்டில் விளம்பர ஓவியம் வரைந்துகொண்டிருந்த ஜிம் அபரோவுக்குக் காமிக்ஸில் முதல் வேலை கொடுத்தவர் ஜியோர்டானோதான். அபரோ பென்சில், மை, வசன எழுத்து மூன்றையும் தானே செய்யும் பழக்கம் உள்ளவர். நாளுக்கு ஒரு பக்கம் என்பது அவர் கணக்கு. ஜியோர்டானோ தொழிலில் மைக்காரர், ஆனாலும் அபரோவின் பக்கத்துக்குத் தானே மை போடுகிறேன் என்று பிடுங்கவில்லை. பின்னாளில் பேட்மேனைப் பல்லாண்டுகள் வரைந்தவர் அந்த அபரோ.

இந்த நாயகர் இதழ்கள் விற்பனையில் நிற்கவில்லை, 1967 வாக்கிலேயே நிறுத்தப்பட்டன. விற்பனைக் கணக்கை மட்டும் பார்த்தால் இந்த அத்தியாயம் தோல்வி. எனக்கு அப்படிப் படவில்லை. மூன்று வருடத்துக்குள் அவர் சேர்த்த ஆள்கள்தான் அவர் கண்ட லாபம்.

டிசி, முதல் முறை

1968 ஏப்ரலில், சூப்பர்மேன், பேட்மேன் இதழ்களைப் போடும் டிசி காமிக்ஸ் அவரை ஆசிரியராக எடுத்துக்கொண்டது. அழைத்தவர் கார்மைன் இன்ஃபான்டினோ. அவரும் ஓவியர்தான். 1956இல் ஃப்ளாஷ் பாத்திரத்தைப் புதிதாக வரைந்து, அமெரிக்காவில் நாயகக் கதைகள் மறுபடி தழைக்க வழிசெய்தவர்களில் ஒருவர். 1967இல் டிசியின் ஆசிரியர் குழு அவர் பொறுப்பில் வந்ததும், எழுத்துப் பக்கத்து ஆள்கள் உட்கார்ந்திருந்த நாற்காலிகளில் ஓவியர்களை உட்கார வைத்தார். ஜோ ஆர்லாண்டோ, ஜோ கியூபர்ட், அப்புறம் ஜியோர்டானோ.

ஜியோர்டானோ தனியாக வரவில்லை. ஓநீல், அபரோ, எழுத்தாளர் ஸ்டீவ் ஸ்கீட்ஸ் என்று சார்ல்டன் ஆள்கள் பின்னாலேயே வந்தார்கள். ஸ்கீட்ஸும் அபரோவும் சேர்ந்து செய்த அக்வாமேன் இதழ்களை இன்றும் வாசகர்கள் தேடிப் படிக்கிறார்கள். இந்த நாள்களில்தான் நீல் ஆடம்ஸின் பென்சிலுக்கு ஜியோர்டானோ மை போடுவதும் தொடங்கியது. ஆடம்ஸின் கோடு புகைப்படம் போலத் துல்லியமானது, அவசரமும் வேகமும் உள்ளது. ஜியோர்டானோவின் மை அதை நிதானப்படுத்தியது. 1970களின் பேட்மேன் எப்படி இருந்தான் என்று கேட்டால் பலர் மனத்தில் எழும் உருவம் இந்த இருவர் கை சேர்ந்து போட்டது.

1971இல் அவர் விலகிவிட்டார். இன்ஃபான்டினோவோடு ஒத்துப்போகவில்லை. இது இந்த ஆய்வில் எனக்கு முக்கியமான முடிச்சு. இன்ஃபான்டினோ பென்சில்காரர், அதிலும் அட்டைப்பட அமைப்பில் மேதை. ஆசிரியர்களின் அட்டைகளைத் தானே அமைத்துக் கொடுப்பார். அட்டை நன்றாகத்தான் இருக்கும். ஆனால் கட்டம் பிரிக்கிறவனுக்கு வெற்றுத்தாளைப் பார்த்தால் கை பரபரக்கும், அது அந்த வேலையின் குணம். மைக்காரனுக்கு முன்னால் எப்போதும் இன்னொருவர் கோடு இருக்கும், அதிலிருந்துதான் அவன் தொடங்குவான். ஓவியராக இருந்து ஆசிரியரான இருவர் ஒரே அலுவலகத்தில் முட்டிக்கொண்டதற்கு இந்த வேறுபாடும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன். இது என் ஊகம்தான், ஆனால் ஓட்டேரி அண்ணன் அந்த ராத்திரி ஏன் தூங்காமல் வரைந்தார் என்பதை இது எனக்கு விளக்குகிறது.

அடுத்த ஒன்பது வருடத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஆடம்ஸோடு சேர்ந்து கன்டினியூட்டி அசோசியேட்ஸ் என்ற ஓவியக்கூடம் நடத்தினார். விளம்பரம், படக்கதை, அவசர வேலை எல்லாம் உண்டு. இளைஞர்கள் அங்கே வந்து மேசை பிடித்துக் கற்றார்கள். ஜியோர்டானோவுக்குப் பின்னணிக் கோடு போட்டுப் பழகிய டெர்ரி ஆஸ்டின் பிறகு எக்ஸ்-மென் இதழ்களுக்கு மை போட்டுப் பெரும் பேர் வாங்கினார். 1976இல் டிசியும் மார்வெலும் சேர்ந்து சூப்பர்மேனையும் ஸ்பைடர்மேனையும் முதல்முறையாக மோதவிட்ட பெரிய அளவுப் புத்தகத்துக்கு ராஸ் ஆண்ட்ருவின் பென்சில் மேல் மை ஜியோர்டானோவுடையது.

1978இல் சூப்பர்மேனும் முகமது அலியும் குத்துச்சண்டை போடும் புத்தகம் வந்தது. பென்சில் ஆடம்ஸ், மை ஜியோர்டானோவும் ஆஸ்டினும். இதை வடசென்னையில் சொல்லாமல் போகமுடியாது. 1980இல் அலி சென்னைக்கு வந்து நேரு விளையாட்டரங்கத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி ஆடினார், எம்.ஜி.ஆர். வந்திருந்தார். புளியந்தோப்பிலும் ராயபுரத்திலும் வயதான பாக்சிங் ஆள்கள் இருக்கும் வீடுகளில் அந்த நாள் இன்னும் பேச்சில் இருக்கிறது. அந்தப் பக்கங்களை வகுப்பில் காட்டினேன். அலியின் தோள் கோடு எவ்வளவு தடிப்பு, பின்னால் இருக்கும் கூட்டம் எவ்வளவு மெலிவு என்று பார்த்ததும் பிள்ளைகளுக்கு மை என்றால் என்ன என்று நான் வாயால் விளக்கவேண்டிய தேவையே இல்லாமல் போனது.

திரும்பி வந்த பிறகு

1976இல் இன்ஃபான்டினோ போய், 28 வயது ஜெனட் கான் டிசியின் பதிப்பாளரானார். 1980இல் அவர் ஜியோர்டானோவைத் திரும்ப அழைத்தார். முதலில் பேட்மேன் இதழ்களின் ஆசிரியர், 1981இல் நிர்வாக ஆசிரியர், 1983இல் துணைத்தலைவரும் செயல் ஆசிரியரும் (எக்ஸிகியூட்டிவ் எடிட்டர்). கான், நிர்வாகி பால் லெவிட்ஸ், ஜியோர்டானோ மூவரும் சேர்ந்துதான் எண்பதுகளில் அந்த நிறுவனத்தை நடத்தினார்கள்.

1981இல் டிசி அறிவித்த உரிமத்தொகைத் திட்டத்தை நான் முதலில் வைப்பேன். அதுவரை பக்கக்கூலி கொடுத்தால் கணக்கு முடிந்தது. இனி ஓர் இதழ் 1 லட்சம் பிரதியைத் தாண்டினால் எழுத்தாளருக்கும் ஓவியருக்கும் பங்கு உண்டு என்றார்கள். பக்கக்கூலிக்கு முப்பது வருடம் வரைந்த ஒருவர் நிர்வாக மேசையில் உட்கார்ந்திருந்த காலத்தில் இது வந்தது. வெள்ளத்துக்குப் பிறகு கூலி வெட்டப்பட்டதைப் பார்த்தவர் அவர்.

அடுத்தது வாட்ச்மென் விவகாரம். நான் படித்தவற்றுள் ஆசிரியப் பணிக்கு இதைவிடத் துல்லியமான உதாரணம் கிடைக்கவில்லை. சார்ல்டனின் பழைய நாயகர்களை 1983இல் டிசி வாங்கியது. ஜியோர்டானோ வளர்த்த பிள்ளைகள் என்றே சொல்லலாம். ஆலன் மூர் என்ற பிரிட்டிஷ் எழுத்தாளர் அந்தப் பாத்திரங்களை வைத்து ஒரு கதைத்திட்டம் கொண்டுவந்தார். கதையில் சிலர் செத்துவிடுவார்கள், சிலர் இனி எந்தக் கதைக்கும் ஆகாதபடி உடைந்துபோவார்கள். இரண்டு எளிய வழிகள் இருந்தன. கதை வேண்டாம் என்று மறுப்பது, அல்லது பாத்திரங்களைக் காப்பாற்றக் கதையை மாற்றச் சொல்வது. ஜியோர்டானோ மூன்றாவதைச் சொன்னார்: கதை அப்படியே இருக்கட்டும், பாத்திரங்களை நீங்களே புதிதாக உருவாக்குங்கள். மூரும் ஓவியர் டேவ் கிப்பன்ஸும் அப்படியே செய்தார்கள். அதுதான் வாட்ச்மென், 1986–87இல் 12 இதழ்களாக வந்தது. கோட்டை மாற்றாமல், அது விழவேண்டிய தாளை மட்டும் மாற்றிக் கொடுத்தார் என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

அதே 1986இல் ஃப்ராங்க் மில்லரின் டார்க் நைட் என்ற பேட்மேன் தொடர் வந்தது. தொடக்கத்தில் ஜியோர்டானோதான் அதற்கு ஆசிரியர். தேதி தவறுவதில் தகராறு வந்து பாதியில் விலகிக்கொண்டார். அச்சு ஓடவேண்டும் என்ற சார்ல்டன் பாடம் ஒரு பக்கம், நல்ல வேலைக்கு நேரம் ஆகும் என்ற உண்மை ஒரு பக்கம். இரண்டும் சரி. அவர் தொடரை வெட்டவில்லை, தான் ஒதுங்கினார்.

இத்தனை பொறுப்பிலும் தூரிகையை அவர் கீழே வைக்கவில்லை. 1986இல் ஜான் பைர்ன் சூப்பர்மேனை முதலிலிருந்து புதிதாகச் சொன்ன ஆறு இதழுக்கும் மை அவர்தான். நிறுவனத்தின் செயல் ஆசிரியர், தன்னிடம் வேலை செய்யும் ஒருவரின் பென்சில் மேல் மை போடுகிறார். அதிகாரம் ஒரு திசையில், கோடு எதிர்த் திசையில்.

1987: கை தவறிய இடம்

இவரைப் பாராட்டிக்கொண்டே போனால் இது ஆய்வு ஆகாது. 1986இன் முடிவில், காமிக்ஸில் வயதுக்கு ஒவ்வாதவை வருகின்றன என்ற நெருக்குதல் அமெரிக்காவில் கிளம்பியது. டிசி தன் இதழ்களுக்குத் தர அடையாளம் குத்தவும், எதைச் செய்யலாம் கூடாது என்று எழுத்தாளர்களுக்கு விதி வகுக்கவும் முடிவெடுத்தது. வேலை செய்கிறவர்களைக் கலந்து பேசாமல் அந்த விதிகள் வந்தன. மூர், மில்லர், ஹோவர்ட் சேக்கின், மார்வ் வுல்ஃப்மன் நால்வரும் பகிரங்கமாக எதிர்த்தார்கள். வுல்ஃப்மன் அப்போது டிசியில் ஆசிரியர் பொறுப்பிலும் இருந்தார், அந்தப் பொறுப்பு பறிபோனது. மூர் டிசிக்கு இனி எழுதுவதில்லை என்று போய்விட்டார்.

ஜியோர்டானோ நிர்வாகத்தின் பக்கம் நின்றார். மேலிருந்து அழுத்தம் இருந்திருக்கும், கடைக்காரர்களின் பயமும் உண்மைதான். ஆனாலும் இது அவர் தவறு என்றே நான் எழுதுவேன். பென்சில் வருவதற்கு முன்னாலேயே மை போடப் பார்த்த ஒரே சந்தர்ப்பம் இதுதான். டெர்பியில் கொடுக்க வேறொன்றும் இல்லாதபோது அவர் எதைக் கொடுத்து ஆள் சேர்த்தாரோ, அதையே இங்கே திரும்ப எடுத்தார். சேர்ந்த ஆள்கள் போனார்கள். கணக்கு நேராகத்தான் இருக்கிறது.

1993இல் அவர் மனைவி மரி இறந்தார். ஜியோர்டானோவுக்குக் காதும் மோசமாகிக்கொண்டு வந்தது. அந்த வருடமே ஓய்வு பெற்றார்.

ஓய்வுக்குப் பிறகு வந்த வேலையில் ஒன்று தமிழ் வாசகர்களுக்கு நெருக்கமானது. 1994இல் டிசி, மாடஸ்டி பிளைஸி என்ற சாகச நாயகியின் நாவலைச் சித்திரக்கதையாகக் கொண்டுவந்தபோது வரைந்தவர் ஜியோர்டானோ. 1984இல் சிவகாசியிலிருந்து லயன் காமிக்ஸ் தொடங்கியபோது முதல் இதழின் நாயகி யார் என்று பழைய வாசகர்களைக் கேட்டுப் பாருங்கள், யோசிக்காமல் சொல்வார்கள். பெரம்பூரில் பழைய பேப்பர் கடையில் அந்த இதழ்களைப் பொறுக்கி வளர்ந்தவன் நான். இந்த ஆய்வைத் தொடங்கி வெகுநாள் கழித்துத்தான் இளவரசி என்று நாங்கள் கூப்பிட்ட மாடஸ்டியை இந்தக் கையும் வரைந்திருக்கிறது என்று தெரிந்தது. அன்றைக்கு எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

இன்னொன்று டிராகுலா. ராய் தாமஸோடு சேர்ந்து அந்த நாவலை முழுமையாகச் சித்திரக்கதை ஆக்கும் வேலையை 1974இல் மார்வெலின் கறுப்பு-வெள்ளை இதழில் தொடங்கினார். இதழ் நின்றது, பாதியில் விட்டது. 30 வருடம் கழித்து 2004–05இல் அதே இருவரும் உட்கார்ந்து மீதியை முடித்தார்கள். எழுபதைத் தாண்டிய கை, நாற்பது வயதில் தானே போட்ட கோட்டோடு ஒட்டிப்போகவேண்டும். முன்பு மற்றவர்களுக்குச் செய்ததைத் தனக்கே செய்துகொண்டார். 2010 மார்ச் 27 அன்று இறந்தார்.

எங்கள் மாடியில்

இதையெல்லாம் நான் அண்ணனிடம் ஒரே நாளில் சொல்லவில்லை. அவருக்குப் படங்களைத்தான் முதலில் காட்டினேன். ஒரே பக்கத்தின் பென்சில் நிலையும் மை நிலையும் அடுத்தடுத்து. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பேனரில் கட்டம் போட்டுப் பெரிதாக்கும்போது மாஸ்டர் கோட்டை உதவியாளர் மாற்றக்கூடாது, உதவியாளர் கோட்டை மாஸ்டர் என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்றார். அப்புறம் அவரே, “இங்க அது தலைகீழ் போல” என்றார்.

மூன்றாம் இதழிலிருந்து நாங்கள் முறையை மாற்றிவிட்டோம். பிள்ளைகள் பென்சிலில் போடுவதை முதலில் ஒளிநகல் எடுத்து வைத்துக்கொள்கிறோம். அண்ணன் மூலப்பக்கத்தில் எதையும் அழிப்பதில்லை. எந்த இடம் புரியவில்லை என்று பிள்ளையிடம் கேட்கிறார், பிள்ளை திரும்பப் போடுகிறது, அல்லது போடமாட்டேன் என்கிறது. மை போடத் தெரியாதவர்களுக்கு அண்ணன் போட்டுத் தருகிறார், இருக்கிற கோட்டின் மேல் மட்டும். இதனால் இதழ் அழகு குறைந்தது என்பது உண்மை. ஒரு பக்கத்தில் கை பெரிது, ஒரு பக்கத்தில் ஆட்டோவுக்கு மூன்றாவது சக்கரம் தெரியவில்லை. வெளியில் ஒருவர், இதை யார் திருத்தினார்கள் என்று கேட்டார். வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் வகுப்புக்கு வரும் பக்கங்களின் எண்ணிக்கை கூடியிருக்கிறது, அதை நான் கையால் எண்ணி வாங்கி வைக்கிறேன்.

தேதி விஷயத்தில் இன்னும் தடுமாறுகிறோம். பிள்ளையிடம் கேட்டுக் கேட்டுச் செய்தால் இரண்டு வாரம் தள்ளிப்போகிறது. அச்சகத்தில் எனக்காக இயந்திரத்தை நிறுத்தி வைக்கமாட்டார்கள். இதற்கு ஜியோர்டானோவிடமும் முழு விடை இல்லை, டார்க் நைட்டில் பார்த்தோமே.

அந்தப் பெண்ணின் வீட்டுக்கு அண்ணன் தானே போனார். தண்ணீர் லாரிக் கதையின் பழைய பென்சில் பக்கங்கள் நல்லவேளையாக என் பையில் இருந்தன. அவற்றை எடுத்துக்கொண்டு போய், “இதுக்கு மை போடலாமா, நீ சொல்ற மாதிரி” என்று கேட்டிருக்கிறார். அவள் உடனே சரி என்று சொல்லவில்லை. குடம் ஏன் பெரிதாக இருக்கிறது தெரியுமா என்று திருப்பிக் கேட்டிருக்கிறாள். தெரியாது என்றார் அண்ணன். ஆயா குடத்தைத்தான் பார்த்துக்கொண்டே இருப்பாள், வேறு எதையும் பார்க்கமாட்டாள், அதனால்தான் என்றாளாம்.

நான்காம் இதழில் அந்த நான்கு பக்கமும் மறுபடி வருகிறது. குடங்களின் விளிம்பில் அண்ணன் மிகத் தடித்த கோடு போட்டிருக்கிறார், வீடுகளுக்கு மெல்லிய கோடு. வீடுகள் சாய்ந்தே நிற்கின்றன.